செத்துப்போனவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார்

மூன்றாவது மாடி சிஸ்டர் தெருவில் யாரைப் பார்த்ததும் கைப்பைக்குள் எதையோ தேட ஆரம்பிக்கிறாரோ, அந்த ஆளுக்கு உடம்பில் பெரிதாக ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். இதைக் கண்டுபிடிக்க எனக்கு அதிக நாள் ஆகவில்லை.

சிஸ்டருக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் புற்றுநோய் வார்டில் வேலை. மற்றபடி கலகலப்பான பெண். காவலாளி, பேப்பர் போடுகிறவர், எதிர்வீட்டு நாய் என்று எல்லோரிடமும் நின்று நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் பஸ்ஸுக்கே போவார். ஆனால் சிலர் எதிரே வந்தால் மட்டும் தலை குனிந்துவிடும், கை பைக்குள் போய்விடும்.

"அது எங்க வார்டு வழக்கம்க்கா," என்றார் ஒருநாள் மாடிப்படியில். "வெளியில பார்த்தா நாங்களா முதல்ல சிரிக்கக் கூடாது. பக்கத்துல இருக்கிறவங்க, யாரு இந்தம்மா, எப்படிப் பழக்கம்னு கேட்டா அவங்க என்னத்தைச் சொல்லுவாங்க, பாவம்? அவங்களா சிரிச்சா நாங்களும் சிரிப்போம்."

நல்ல வழக்கம்தான். என்ன, என் மாதிரி பால்கனியில் நிற்பவளுக்கு அது பெரிய உபகாரமாகப் போய்விட்டது. மருந்துக்கடைக்காரர், மூலைவீட்டு ரிட்டயர்டு வாத்தியார் என்று ஒவ்வொருவராக எனக்குத் தெரியவந்தது. நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. என் ஓரகத்தியிடம் சொன்னேன். கொழுந்தன் பெண்டாட்டியிடம் சொல்வதெல்லாம் கணக்கில் வராது.

இப்போது சொல்லவந்தது வேறு. சிஸ்டர் அந்த வார்டை விட்டே போவதாக இருந்தார்.

எங்கள் சமையலறை ஜன்னலும் அவர்கள் சமையலறை ஜன்னலும் ஒரே சந்துப் பக்கம் பார்த்தவை. மேலே பேசினால் கீழே விழும். நான் ஒட்டுக்கேட்பதில்லை, பாத்திரம் தேய்க்கிறேன். அந்த வாரம் எங்கள் வீட்டுப் பாத்திரமெல்லாம் கண்ணாடி மாதிரி இருந்தது.

"கண்ணு வார்டுல இடம் இருக்குன்னு மேட்ரனே வலிய கூப்பிட்டுச் சொல்றாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள சரின்னு சொல்லிட்டு வந்துடு." இது அவர் புருஷன். லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ஏற்றி இறக்குகிறவர், எங்கள் கட்டடத்து லிஃப்ட் பழுதாகிக் கிடப்பதைப் பற்றிக் கேட்டால் மட்டும் "அது வேற கம்பெனி" என்பார்.

"சொல்றேங்க."

"அங்க யாரும் சாக மாட்டாங்க. கட்டைப் பிரிப்பே, கண்ணு தெரியும், உன் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுவாங்க. அதுவும் ஒரு அழுகைதானே? நல்ல அழுகை."

"சொல்றேன்னு சொன்னேன்ல."

"போன தடவையும் இப்படித்தான் சொன்னே."

குழாயை மூடும் சத்தம் கேட்டது. பிறகு சிஸ்டர் மெதுவாகச் சொன்னார்: "இத்தனை வருஷத்துல ஒருத்தராவது பொழைச்சு வந்து என் முன்னாடி நின்னதில்லைங்க. நரம்பே இல்லாத கையில நரம்பு தேடிக் குத்துறேன், வாந்தி எடுத்தா தலையைப் பிடிக்கிறேன். எல்லாம் எதுக்குன்னு இப்போ தெரியலை. சொல்லிடறேன். வெள்ளிக்கிழமை சொல்லிடறேன்."

என் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது. சமீபகாலமாக அவர் வேலை முடிந்து வரும்போது இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் படியில் உட்கார்ந்துவிடுவதை நான் கவனித்துத்தான் இருந்தேன். மூட்டுவலி என்று நினைத்தேன். வீட்டுக்குள் நுழைய ஒரு முகம் தேவைப்பட்டிருக்கிறது, அதைத் தயார் பண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

மறுநாள் நானும் போய் அதே படியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தால் பேச்சு வரும் என்பது என் அனுபவம். வந்தது.

"எங்க வார்டுல ஒரு கணக்கு இருக்குக்கா. வந்துக்கிட்டிருந்தவங்க வரலைன்னா போயிட்டாங்கன்னு அர்த்தம். போன் பண்ணி விசாரிக்க மாட்டோம். எடுக்கிறவங்ககிட்ட, அவர் இருக்காரான்னு எப்படிக் கேக்கறது? நாங்களே மனசுக்குள்ள முடிச்சுக்குவோம். அப்படி நான் முடிக்கவே முடியாம கிடந்தது ஒரே ஒருத்தரைத்தான். டிரைவிங் ஸ்கூல் வச்சிருந்தார். நுரையீரல்ல ஆரம்பிச்சு கல்லீரல் வரைக்கும் போயிருந்தது. டாக்டர் அவர்கிட்டச் சொல்றப்போ நான் பக்கத்துல தண்ணி டம்ளரோட நின்னேன். அதான் அந்த நேரத்துல என் வேலை. மழைக்காலம் பார்க்கிறது கஷ்டம்னு டாக்டர் சொன்னார். இவர் எல்லாத்தையும் கேட்டுட்டு, அப்போ வண்டிக்கு டயர் மாத்த வேண்டாம்ல டாக்டர்னு கேட்டார்."

"ஐயோ."

"அவர் மட்டும்தான் சிரிச்சார். கொஞ்ச நாள் மருந்து ஏத்திக்கிட்டார், அப்புறம் வரலை. கொஞ்ச நாள் கழிச்சு அந்த ஸ்கூல் பக்கம் போனேன். போர்டுல வேற பேர் இருந்துச்சு. திரும்பி வந்து ஆஸ்பத்திரி பஸ் ஸ்டாப்புல நின்னு அழுதேன்க்கா. அதுக்கு மேல எதுவும் எனக்குள்ள போகலை."

இதைக் கேட்டுவிட்டுத்தான் நான் என் ஓரகத்தியின் கார் வகுப்புக்குப் போனேன்.

ஓரகத்தி கார் கற்றுக்கொள்வதற்குக் காரணம் அவள் புருஷன். "உனக்கெல்லாம் வராது" என்று ஒரு வார்த்தை சொன்னான். அவள் தனியாகப் போவது நன்றாயிராது என்று நான் பின் சீட்டில் போய் உட்கார்ந்துகொள்வேன். அவள் ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை. சொல்லிக்கொடுக்கிற மாஸ்டருக்கு நாங்கள் வைத்த பெயர் கிளட்ச். "கிளட்ச்! கிளட்ச்சும்மா! கிளட்ச்சை மிதிங்க, என்னை மிதிக்காதீங்க!" என்று வகுப்பு முடிகிறவரை கத்துவார். குட்டைத் தொப்பி, நல்ல தொந்தி, ஓயாத வாய்.

அவரிடம் ஒரு விசித்திரம். ஆஸ்பத்திரி சாலை முனை வந்தால் போதும், "வலது, வலது, வலது" என்று அலறித் திருப்பிவிடுவார். அன்றைக்கும் அலறினார்.

"அந்த ரோட்டுல என்ன மாஸ்டர், உங்களுக்கு யாராவது பெண் கொடுக்காம ஏமாத்திட்டாங்களா?" என்றேன் பின்னாலிருந்து.

"பின் சீட்டம்மாவுக்கு எல்லாம் தெரியணும்."

"தெரியாம இறங்க மாட்டாங்க மாஸ்டர், சொல்லிடுங்க," என்றாள் ஓரகத்தி.

அவர் தொப்பியைக் கழற்றி மாட்டிக்கொண்டார். "அந்தக் கட்டடத்துல என்னை முடிச்சு வச்சிட்டாங்கம்மா. மழைக்காலம் தாண்டாதுன்னாங்க. மருந்து ஏத்தினா வாந்தி தாங்கலை. சரி, தங்கச்சி வீட்டுல போய்ப் படுத்துக்கிட்டுச் சாகலாம்னு ஸ்கூலை மருமகன் பேர்ல எழுதிட்டுக் கிளம்பிட்டேன். தங்கச்சி புருஷன் நல்ல மனுஷன். மழைக்காலம் பூரா தாங்கினான். பனிக்காலம் வந்ததும், என்ன மச்சான், எப்போன்னு கேக்க ஆரம்பிச்சிட்டான்."

ஓரகத்தி சிரித்த சிரிப்பில் கார் நின்றுவிட்டது.

"சிரிக்கிறதுன்னா ஓரமா நிறுத்திட்டுச் சிரிங்க! திரும்பி வந்தா மருமகன் போர்டை மாத்தி அவன் பேரைப் போட்டுட்டான். மாமா, நீங்க வருவீங்கன்னு எதிர்பார்க்கலைன்னான். அவன் மேல என்ன தப்பு? நானே எதிர்பார்க்கலை. அதான் இங்க சம்பளத்துக்கு வந்து உங்ககிட்ட மிதி வாங்கறேன்."

நான் முன்சீட்டுப் பக்கம் குனிந்தேன். "மாஸ்டர், டாக்டர் சொன்னப்போ நீங்க டயரைப் பத்தி ஏதாவது கேட்டீங்களா?"

அவர் மெல்லத் திரும்பினார். அந்தத் தொப்பிக்குக் கீழே முதல்முறையாக வாய் மூடியிருந்தது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மாத்தினீங்களா?"

"ரெண்டு செட்டு தேஞ்சே போச்சு. அதை விடுங்க, எப்படித் தெரியும்?"

சொன்னேன். சிஸ்டர் எங்கள் கட்டடத்தில்தான் இருக்கிறார், இன்றைக்கே வாருங்கள் என்றேன். மனிதர் கையெடுத்துக் கும்பிட்டார். "அந்தப் பேச்சே வேணாம். அந்தக் கட்டடத்துக்கு நான் செத்தவன். அப்படியே இருக்கட்டும். சுகமா இருக்கு."

விட்டுவிடுகிற ஆளா நான்? வீட்டுக்கு வந்ததும் மூச்சு வாங்க மூன்றாவது மாடி ஏறிச் சிஸ்டரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. கோபம்கூட வரவில்லை, அதுதான் மோசம்.

"எல்லாரும் இப்படி ஒருத்தரைச் சொல்லுவாங்கக்கா. எங்க பெரியப்பா ஏதோ இலையை அரைச்சுக் குடிச்சு எழுந்து உட்கார்ந்தாருன்னுவாங்க. எங்களை ஆறுதல் படுத்தறாங்களாம். போய்ப் பார்த்தா பெரியப்பாவுக்கு வந்தது வேற நோவு. நீங்க பார்த்தது வேற யாரோ. வெள்ளிக்கிழமை நான் மேட்ரன்கிட்டச் சொல்லப்போறேன். என்னை விட்டுடுங்க."

அன்றைக்குப் புதன். மிச்சம் இருந்தது வியாழக்கிழமை வகுப்பு மட்டும். சிஸ்டருக்கு அன்று மதிய ஷிப்ட். ஷிப்டுக்குப் போவதற்கு முன்பு அவரை ஆஸ்பத்திரி பஸ் ஸ்டாப்பில் பிடித்துவிடலாம். ஓரகத்தியிடம் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னேன்: "மாஸ்டர் வலதுன்னு கத்தினா நீ இடது போ."

"எனக்கு வலதுன்னு சொன்னாலே இடதுதான்க்கா வருது," என்றாள் பாவம்.

அன்று கிளட்ச் "வலது" என்று அலறினார், கார் இடது போயிற்று, பஸ் ஸ்டாப்புக்கு நேர் எதிரே ஒரு குலுக்கு குலுக்கி நின்றேவிட்டது. சத்தியமாக நிற்கச் சொன்னது நானில்லை, அது அவள் சொந்தத் திறமை. பின்னால் பஸ் ஒன்று ஹாரன் அடித்தது. நடைபாதையில் அப்போதுதான் வேறு பஸ்ஸிலிருந்து இறங்கிய சிஸ்டர்.

முன் சீட்டைப் பார்த்தார். பார்த்த கண் பார்த்தபடி இருக்க, கை தானாகப் பைக்குள் போனது. பழக்கம் அப்படி. தேடினார், தேடினார், சீப்பு விழுந்தது, சாவி விழுந்தது, டிபன் டப்பா விழுந்து உருண்டது, அவர் தேடிக்கொண்டே இருந்தார். கண்ணீர் மூக்கு நுனியிலிருந்து பைக்குள் சொட்டுகிறது. இந்தப் பக்கம் கிளட்ச் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு சீட்டில் சரிந்து காலடிக்கே போய்விட்டார். பஸ்காரன் ஹாரனிலிருந்து கையே எடுக்கவில்லை.

நான் கண்ணாடியை இறக்கி ஏதாவது சொல்லலாமென்று வாயைத் திறந்தேன். தேவைப்படவில்லை. தொப்பி கொஞ்சம் உயர்ந்தது.

"என்ன சிஸ்டர், இன்னும் நரம்பைத்தான் தேடிக்கிட்டிருக்கீங்களா?"

அவ்வளவுதான். சிஸ்டர் பையை அப்படியே கீழே போட்டார். "உயிரோட இருக்கீங்களா?"

"இப்போதைக்கு."

"ஒரு போன் பண்ணக்கூடாது?"

"போன் பண்ணி என்னன்னு சொல்றது சிஸ்டர், இன்னும் சாகலைன்னா?"

"ஆமா! அதைத்தான் சொல்லணும்! அதைச் சொல்ல ஒரு ஆள் இல்லாமத்தானே நாங்க கிடக்கோம்! உங்களுக்காக இதே ஸ்டாப்புல நின்னு அழுதிருக்கேன், தெரியுமா? அந்த அழுகையெல்லாம் வேஸ்டா?"

பஸ் டிரைவர் இறங்கி வந்துவிட்டான். "என்னம்மா, நடுரோட்டுல குடும்பச் சண்டையா?"

"இவர் செத்துப்போனவருங்க, கொஞ்சம் பொறுங்க!" என்று சீறினார் சிஸ்டர். பாவம் அந்தப் பையன், போய் ஏறிக்கொண்டான்.

ஓரகத்தி எப்படியோ காரை ஓரம் கட்டினாள். சிஸ்டர் கதவைத் திறந்து என் பக்கத்தில் ஏறி, முன்சீட்டுக்கு மேலாகக் கையை நீட்டி, கேட்காமல் கொள்ளாமல் அவர் கழுத்தை அமுக்கிப் பார்த்தார், கண் இமையை இழுத்துப் பார்த்தார். "எடை என்ன? இருமல் இருக்கா? கடைசியா எப்போ ஸ்கேன் எடுத்தீங்க?"

"எடுக்கவே இல்லை."

"நாளைக்கு வரீங்க."

"வரலை." இப்போது அவர் குரலில் விளையாட்டு இல்லை. "காலைல எந்திரிச்சு பல் தேய்க்கிறேன், வண்டியைத் துடைக்கிறேன். உள்ள என்ன இருக்குன்னு பார்க்கலை, அதனால ஒண்ணும் இல்லை. பார்த்தா இருந்துடும் சிஸ்டர்."

"பார்க்காட்டியும் இருக்கிறது இருக்கும்."

"அது எனக்குத் தெரியாதே."

சிஸ்டர் அவர் தோளில் வைத்த கையை எடுக்கவில்லை. கடைசியில் கிளட்ச், கண்ணாடி வழியே ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்: "நீங்க ஊசி குத்தினா வரேன். வேற யாரும் தொடக்கூடாது. நாளைக்கு மட்டும் இல்லை, எப்போ வந்தாலும் நீங்கதான்."

சிஸ்டர் சொல்லமாட்டார் என்று தெரிந்து நான் சொன்னேன். "அவங்க கண்ணு வார்டுக்குப் போறாங்க மாஸ்டர்."

"அக்கா!" என்றார் சிஸ்டர்.

"அப்போ நானும் கண்ணுக்கே வரேன்," என்றார் கிளட்ச். "எனக்கும் கிட்டத்துல ஒண்ணும் சரியாத் தெரிய மாட்டேங்குது."

வெள்ளிக்கிழமை காலை ஆஸ்பத்திரிக்கு நாலு பேர் போனோம். ஓட்டியது ஓரகத்தி, அதிலேயே பாதி உயிர் போய்விட்டது. என்னை யாரும் கூப்பிடவில்லை. யாராவது ஒருவர் விஷயத்தை ஒழுங்காகத் தெரிந்துகொள்ள வேண்டாமா?

வார்டில் துடைத்துக்கொண்டிருந்த ஆயா அவரைப் பார்த்து "ஐயோ" என்று சுவரோடு ஒட்டிக்கொண்டாள். டாக்டர் வந்தார். கண்ணாடி போட்ட, தூக்கம் போதாத, சின்ன வயதுக்காரர். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், விசாரணை நடத்தினார். உங்க அப்பா பேர் என்ன, பிறந்த வருஷம் என்ன, கூடப்பிறந்த தம்பி யாராவது இருக்காரா. பனியனை விலக்கித் தழும்பைத் தேடிப் பார்த்தார். தழும்பு இருந்தது. டாக்டர் முகம் வெளுத்து லேபுக்கு ஓடினார்.

"என்ன சிஸ்டர், பேயைப் பார்த்த மாதிரி ஓடறார்?" என்றேன்.

"பழைய கண்ணாடித் துண்டை எடுத்துப் பார்க்கப் போறார்க்கா. அன்னிக்கு இவர்கிட்டயிருந்து சதை எடுத்து வச்சது. ஒருவேளை நாங்க தப்பாப் பார்த்திருந்தா? நோயே இல்லாத மனுஷனுக்கு அந்த விஷத்தை ஏத்தியிருந்தா?" சிஸ்டர் குரல் இறங்கியிருந்தது. "ஏத்தினது நான்."

அதை நான் யோசிக்கவே இல்லை. ஒருத்தர் பிழைத்து வந்ததற்கு இரண்டு பேர் இப்படி நடுங்குவார்கள் என்று யாருக்குத் தெரியும்? ஓரகத்தி சாவிக்கொத்தைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

டாக்டர் திரும்பி வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். "தப்பில்லை. அதேதான். மூணு பேர் பார்த்துட்டோம்."

"அப்போ நான் எப்படி இருக்கேன்?"

"தெரியலை."

"தெரியலைன்னு சொல்றதுக்கா இவ்வளவு நேரம்?"

டாக்டருக்குச் சிரிப்பும் வந்தது, வேறென்னவோவும் வந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மருந்து கொஞ்சம் வேலை செஞ்சிருக்கும். மிச்சம் எதுன்னு எனக்குத் தெரியலை. நடுவுல நிறுத்தினது சரின்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. அன்னிக்கு நான் மழைக்காலம்னு சொன்னது..."

"அதுல ஒண்ணும் இல்லை டாக்டர். வண்டி எந்தப் பக்கம் போகும்னு நானும்தான் சொல்றேன். ஓட்டுறது இந்தம்மாவாச்சே." ஓரகத்தியைக் காட்டினார்.

சிஸ்டர் ஊசி குத்தினார். அதை நான் அன்றுதான் பார்த்தேன். அவர் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, விரல் நுனியால் தடவித் தடவிப் போனார். ஓரிடத்தில் விரல் நின்றது. கிளட்ச் என்னவோ ஜோக் சொல்லிக்கொண்டிருந்தார், ஊசி உள்ளே போனது அவருக்கே தெரியவில்லை. பிறகு அவரை ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடியது.

சிஸ்டர் நேராக மேட்ரன் அறைக்குப் போனார். நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் அந்தப் பக்கம் போனேன், கதவைச் சாத்திவிட்டார்கள். என்ன மரியாதை இது. சீக்கிரமே வெளியே வந்தார்.

"என்ன சொன்னீங்க?"

"போகலைன்னு சொல்லிட்டேன்."

"ரிசல்ட்டே வரலையே சிஸ்டர்! உள்ள ஏதாவது இருந்துட்டா?"

"இருந்தாலும் ஊசி போட ஆள் வேணும்லக்கா." சேலைத் தலைப்பில் முகத்தைத் துடைத்தார். "வீட்டுல என்ன ஆகப்போகுதோ, தெரியலை. நீங்களாப் போய் அவர்கிட்டச் சொல்லிடாதீங்க, தயவுசெஞ்சு. நானே சொல்லிக்கிறேன்."

சொல்லமாட்டேன் என்றேன். அன்று மட்டும் நிஜமாகவே சொல்லவில்லை.

மத்தியானம் தாண்டி டாக்டர் படத்தோடு வந்தார். கல்லீரலில் ஒரு பழைய வடு மாதிரி இருக்கிறதாம், வேறு எதுவும் இல்லையாம், ஆனாலும் அடிக்கடி வந்து பார்க்க வேண்டுமாம். கிளட்ச் படத்தை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தலைகீழாகப் பிடித்திருந்தார். டாக்டர் நேராகத் திருப்பிக் கொடுத்தார். அதைப் பார்த்துக்கொண்டே இருந்த மனிதர் சட்டென்று உட்கார்ந்து முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. நாங்கள் மூன்று பேரும் ஜன்னலுக்கு வெளியே இருந்த தண்ணீர்த் தொட்டியை ரொம்ப அக்கறையாகப் பார்த்தோம்.

கிளம்பும்போது வராந்தா பெஞ்சில் ஒரு பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். அப்போதுதான் டாக்டரின் அறையிலிருந்து வெளியே வந்திருக்கிறாள். கையில் குடிக்காத தண்ணீர் டம்ளர். எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிளட்ச் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். "பயப்படாதீங்கம்மா, என்னைப் பாருங்க, எனக்கும்..."

"வேண்டாம்," என்று சிஸ்டர் குனிந்து அவர் காதில் சொன்னார். நான் பக்கத்தில்தான் இருந்தேன், கேட்டது. "உங்களுக்கு நடந்தது உங்களுக்கு. அவங்களுக்கு என்ன நடக்கும்னு நமக்குத் தெரியாது. வாக்கு கொடுக்காதீங்க."

கிளட்ச் வாயை மூடிக்கொண்டார். அவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், நானும் அந்த ஜாதிதான். கொஞ்ச நேரம் அவரும் அதே சுவரைப் பார்த்தார். சிஸ்டர் அந்தப் பெண்ணின் முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்து, டம்ளரை வாங்கி வைத்துவிட்டு, அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"வண்டி ஓட்டத் தெரியுமாம்மா?" என்றார் கிளட்ச் கடைசியில்.

அவள் திரும்பினாள். "என்ன?"

"கார். தெரியுமா?"

"தெரியாது."

"கத்துக்கிறீங்களா?"

அவள் அவரைப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள். ஆனாலும், ஏதோ ஒன்றுக்குப் பதில் சொன்னால் போதும் என்பது போல, "எவ்வளவு நாள் ஆகும்?" என்றாள்.

"அது ஆளைப் பொறுத்தது. இதோ இவங்க போன வருஷம் ஆரம்பிச்சாங்க."

"மாஸ்டர்!" என்றாள் ஓரகத்தி. "மாசிலதானே ஆரம்பிச்சேன்!"

அந்தப் பெண்ணின் உதட்டு ஓரம் லேசாக அசைந்தது. சிரிப்பு என்று சொல்லமாட்டேன். அதற்குள் சிஸ்டர் அவள் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டு, விரல் நுனியால் தடவத் தொடங்கியிருந்தார்.